பாதியில் நின்றவரின் ஆங்கிலம்

"பின்வரும் வாக்கியங்களிலுள்ள பிழைகளைத் திருத்துக." "கோடிட்ட இடங்களை நிரப்புக." "செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றுக." தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் சென்றவர் எவராயினும் ஆங்கில வகுப்பில் இம்மூன்று கட்டளைகளையும் கடந்தே வந்திருப்பர். தேர்வு முடிந்தபின் அவ்வாக்கியங்கள் மறந்துபோகும். கட்டளைகள் மட்டும் நினைவில் நிற்கும். மழையைப் போல, வெயிலைப் போல, இவை என்றும் இருந்தவை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பிறப்பிடம் உண்டு; அதை முதலில் இட்டவர் உண்டு; அது இடப்பட்டதற்கு ஒரு காரணமும் உண்டு. அக்காரணம் நம் பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்ற கேள்வியோ மிகவும் காலந்தாழ்ந்துதான் கேட்கப்பட்டது.

ஆங்கிலம் வேண்டுமா வேண்டாமா என்ற பழைய வழக்கை இங்கே நாம் எடுக்கப்போவதில்லை. ஆங்கில இலக்கணத்தையும் சொற்களையும் பள்ளி மாணவர்க்குப் பழக்கிய முறைகளின் வரலாற்றை மட்டுமே பார்க்கவிருக்கிறோம். அவ்வரலாற்றின் முக்கியமான அத்தியாயங்கள் லண்டனில் எழுதப்பட்டவை அல்ல. டாக்கா, டோக்கியோ, சென்னை, பெங்களூர், கடலூர் ஆகிய ஊர்களின் வகுப்பறைகளில் எழுதப்பட்டவை அவை.

பிழையில் தொடங்கிய பயிற்சி

இங்கிலாந்தில் நெடுங்காலம் 'இலக்கணம்' என்றால் இலத்தீன் இலக்கணம்தான். சிறுவர்கள் இலத்தீன் வாக்கியங்களைச் சொல் சொல்லாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வகைச் சொல், எந்த வேற்றுமை, எந்தக் காலம் என்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்துக்கு இலக்கணம் எழுத முற்பட்டவர்கள் இந்தச் சட்டகத்தையே எடுத்து அதன்மேல் ஆங்கிலத்தைப் போர்த்தினார்கள். பிழையான வாக்கியத்தைத் தந்து திருத்தச் சொல்லும் பயிற்சியை ஆங்கில இலக்கண நூலுக்குள் பரவலாகக் கொண்டுவந்தவராகக் கருதப்படுபவர் ஒரு பெண்மணி. நியூகாசில் நகரைச் சேர்ந்த ஆன் ஃபிஷர் என்னும் அவர் 1750ஆம் ஆண்டு வாக்கில் வெளியிட்ட இலக்கண நூலில் 'மோசமான ஆங்கில'ப் பயிற்சிகளைச் சேர்த்தார். இன்று நம் குழந்தைகள் எழுதும் 'பிழை திருத்துக' வினாவின் கொள்ளுப்பாட்டி என்று அவரைச் சொல்லலாம்.

1762இல் ராபர்ட் லௌத் தம் ஆங்கில இலக்கண அறிமுக நூலை வெளியிட்டார். எபிரேயக் கவிதை குறித்து ஆக்ஸ்ஃபோர்டில் விரிவுரை ஆற்றியவர். பிற்காலத்தில் லண்டன் பிஷப் ஆனவர். அவருடைய நூலின் சுவையான பகுதி அடிக்குறிப்புகள்தாம். ஷேக்ஸ்பியர், மில்டன், ஸ்விஃப்ட், அடிசன் எனப் பெரும்புலவர்கள் செய்த 'பிழைகளை' அங்கே அவர் வரிசையாகப் பட்டியலிட்டார். தமிழ் படித்தவர்களுக்கு இது வியப்பளிக்கும். நம் மரபிலும் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகை வழுக்கள் பேசப்படுகின்றன. ஆனால் அவற்றோடு வழுவமைதியும் சேர்த்தே பேசப்படும். சான்றோர் வாக்கில் விதி பிறழ்ந்திருந்தால் அங்கே விதியினும் பெரிய காரணம் ஒன்று இருக்க வேண்டும் என்று உரையாசிரியர் தேடுவார். லௌத்தின் இலக்கணத்தில் வழு உண்டு. வழுவமைதிக்கு இடம் மிகக் குறைவு. ஆங்கில இலக்கணப் பயிற்சி பிழைவேட்டையாக மாறியதன் தொடக்கங்களுள் ஒன்று இங்கே இருக்கிறது.

இவ்விரண்டையும் பள்ளிப் பாடமாகத் திரட்டித் தந்தவர் லிண்ட்லி மரே. அமெரிக்காவில் பிறந்து, நியூயார்க்கில் வழக்கறிஞராக இருந்து, உடல்நலம் குன்றிய நிலையில் இங்கிலாந்தின் யார்க் நகரருகே குடியேறியவர். அந்நகரில் குவேக்கர் சமயத்தார் நடத்திவந்த பெண்கள் பள்ளியின் ஆசிரியைகள் கேட்டுக்கொண்டதால் 1795இல் இலக்கண நூலை எழுதினார். 1797இல் தனிப் பயிற்சி நூலும் அதற்கான விடைநூலும் வெளிவந்தன. பாடநூல், பயிற்சிநூல், விடைநூல் என்ற இந்த மும்மை இருநூறு ஆண்டுகளுக்குமேல் ஆகியும் மாறவில்லை என்பதை எந்தப் புத்தகக் கடையிலும் காணலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். யார்க் நகரப் பள்ளிச் சிறுமிகள் அனைவரும் ஆங்கிலம் பேசுகிறவர்கள். தாயிடமும் தோழியரிடமும் தெருவிலும் கற்ற மொழியோடுதான் அவர்கள் வகுப்புக்கு வந்தார்கள். மரேயின் பயிற்சி மொழியைக் கற்பிக்க எழுந்ததன்று; கற்ற மொழியைச் செப்பனிட எழுந்தது. அடித்துத் திருத்துவதற்கு அவர்களிடம் ஏற்கெனவே ஒரு மொழி இருந்தது.

கப்பலேறி வந்த இலக்கணம்

1835இல் மெக்காலேயின் குறிப்பும் அதனையொட்டிய பெண்டிங்கின் ஆணையும் வந்தன. 1854இல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை வந்தது. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டன. பல்கலைக்கழகத்துக்குள் நுழைய மெட்ரிகுலேஷன் தேர்வு. தேர்ச்சிக்குப்பின் அரசு உத்தியோகம். இவ்வாறு கச்சேரி வேலைக்கும் குடும்ப கௌரவத்துக்கும் நடுவே ஆங்கிலத் தேர்வுத்தாள் வந்து உட்கார்ந்தது.

வுட்டின் அறிக்கை பொதுமக்களின் கல்விக்குத் தாய்மொழியே உகந்தது என்றும் சொன்னது. ஆனால் தேர்வும் வேலையும் ஆங்கிலத்தின் பக்கம் இருந்ததால் அந்தப் பகுதியைக் கேட்க ஆளில்லை. பாடத்திட்டம் ஒன்று சொல்ல, தேர்வு வேறொன்று சொல்ல, பள்ளி தேர்வின் சொல்லையே கேட்ட கதை நம் கல்வி வரலாற்றில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்திருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் ஜே. சி. நெஸ்ஃபீல்டின் இலக்கண வரிசை வெளிவந்தது. வடமேற்கு மாகாணங்களின் கல்வித்துறையில் உயர்பதவி வகித்த அவர் இந்திய மாணவர்களை மனத்தில் வைத்தே எழுதினார். எனினும் அமைப்பு பழையதுதான்: சொல்வகை, வாக்கியப் பகுப்பு, சொல்லிலக்கணம் கூறல், வாக்கிய மாற்றம். நெஸ்ஃபீல்டுக்குப்பின் வந்தது ரென் – மார்ட்டின். 1930களின் நடுவில் பம்பாயிலிருந்து வெளிவந்த அவ்வுயர்நிலைப்பள்ளி இலக்கணம் இன்றும் திருத்திய பதிப்புகளாக விற்றுக்கொண்டிருக்கிறது. ரென் நாவலாசிரியர் என்பதை அப்புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் பலர் அறியமாட்டார்கள். பிரெஞ்சு அயல்நாட்டுப் படையைக் களமாகக் கொண்டு 1924இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற 'போ ஜெஸ்ட்' நாவலை எழுதிய பி. சி. ரென்தான் அவர். பம்பாய் மாகாணக் கல்வித்துறையில் பணியாற்றியவர். பாலைவனச் சாகசக் கதை எழுதிய கைதான் நமக்கு நேர்கூற்று – அயற்கூற்று விதிகளையும் வகுத்தளித்தது.

இந்நூல்களை இகழ்வது நம் நோக்கமன்று. தெளிவும் ஒழுங்கும் உடையவை. ஐயம் எழும்போது புரட்டிப் பார்க்க இன்றும் பயன்படுபவை. அவை நிலைத்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. அறுபது பேர் அமர்ந்த வகுப்பில் ஒவ்வொருவரையும் ஆங்கிலத்தில் பேசவைக்க ஓர் ஆசிரியரால் இயலாது. அறுபது பேருக்கும் ஒரே பயிற்சியைத் தந்து ஒரே விடையைக் கொண்டு திருத்த இயலும். ஆங்கிலம் சரளமாக வராத ஆசிரியரும் விதியைச் சொல்லிக்கொடுக்கலாம். மனப்பாடம் நமக்குப் புதிதுமன்று. சூடாமணி நிகண்டின் செய்யுள்களைத் திண்ணைப் பள்ளிகளில் தலைகீழாக ஒப்பித்த மரபு நம்முடையது.

ஆயின் ஒப்புமை அத்தோடு முடிகிறது. நிகண்டு ஒப்பித்த சிறுவன் தமிழிலேயே விழித்துத் தமிழிலேயே உறங்கினான். பொருள் தெரியாத சொற்களையும் அவன் தெரிந்த மொழியின் கொம்பில்தான் கட்டித் தொங்கவிட்டான். நெஸ்ஃபீல்டை ஒப்பித்த சிறுவனுக்கு அந்தக் கொம்பு இல்லை. யார்க் நகரச் சிறுமிக்காக எழுந்த செப்பனிடும் பயிற்சி, செப்பனிட எதுவும் இல்லாத கைகளில் வந்து சேர்ந்தது.

டாக்காவில் எழுந்த கேள்வி

இந்தப் பொருத்தமின்மையைக் கூர்ந்து கண்டு எழுதியவர்களுள் தலையாயவர் மைக்கேல் வெஸ்ட். இந்தியக் கல்விப்பணியில் சேர்ந்து வங்காளத்துக்கு வந்தவர். டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1926இல் இருமொழிமை குறித்து, வங்காளத்தை முன்வைத்து, அவர் ஒரு நூல் வெளியிட்டார். ஆங்கிலம் கற்பிப்பதன் வரலாற்றில் அந்நூலுக்குத் தனியிடம் உண்டு. அதற்குக் காரணமான கருத்துகளுள் ஒன்றை அவர் ஆயுள் காப்பீட்டுத் துறையிலிருந்து எடுத்துக்கொண்டார். அதுதான் சரண்டர் மதிப்பு.

காப்பீட்டுப் பத்திரம் எடுத்தவர் இடையில் தவணை கட்ட முடியாமல் நிறுத்திவிட்டால், அதுவரை கட்டியதற்கு ஈடாகக் கைக்குத் திரும்பிவரும் தொகைக்குச் சரண்டர் மதிப்பு என்று பெயர். ஒரு பாடத்துக்கும் அப்படியொரு மதிப்பு உண்டு என்றார் வெஸ்ட். பத்தாண்டுப் படிப்பில் மூன்றாம் ஆண்டோ ஐந்தாம் ஆண்டோ ஒரு மாணவன் நின்றுவிட்டால் அதுவரை படித்ததில் அவனுக்கு என்ன மிஞ்சும்? வங்காளத்தில் பள்ளிக்குள் நுழைந்தவர்களில் மிகப் பலர் கடைசிவரை செல்லாதவர்கள். பாடத்திட்டமோ கடைசிவரை செல்லும் சிலருக்காக வகுக்கப்பட்டிருந்தது. சொல்வகை எட்டையும் ஒப்பித்துவிட்டு நிலத்துக்கோ கடைக்கோ திரும்பிய சிறுவனிடம் சரண்டர் மதிப்பு ஏதுமில்லை. வீடு கட்டுவதற்குமுன் அடித்தளம் போடுவதாகச் சொல்லிக்கொண்டே மூன்றாண்டுகள் கழிந்தன. நான்காம் ஆண்டில் வீட்டுக்காரரே போய்விட்டார்.

வெஸ்ட் கண்ட தீர்வு வாசிப்பு. பேசவும் எழுதவும் நெடுங்காலப் பழக்கம் வேண்டும். எளிய நூலொன்றை வாசித்துப் பொருள்கொள்ளும் திறனை ஒப்பளவில் விரைவில் எட்டலாம். பாதியில் நின்றாலும் அது கையில் தங்கும் என்பது அவர் வாதம். அப்போதிருந்த வாசகங்களை எடைபோட்டபோது இரண்டு குறைகளைக் கண்டார். ஒன்று, அன்றாட வாழ்வில் வழங்காத பழைய இலக்கியச் சொற்கள் மலிந்திருந்தன. மற்றொன்று, புதுச்சொற்கள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. வந்த சொல் மீண்டும் தலைகாட்டுவதற்குள் மாணவன் அதை மறந்துபோனான். தம் புதுமுறை வாசகங்களில் அவர் அருஞ்சொற்களை நீக்கினார்; புதுச்சொற்களை இடைவெளிவிட்டு அறிமுகப்படுத்தினார்; அறிமுகமான சொல்லைப் பலமுறை திரும்ப வரச்செய்தார். இன்று எந்த மொழிப்பாட நூலிலும் இயல்பாகத் தோன்றும் இவ்வொழுங்கு அன்று புதியது.

எண்ணப்பட்ட சொற்கள்

அதே காலத்தில் வேறு இடங்களிலும் சொற்கள் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தன. அமெரிக்க உளவியலாளர் தார்ன்டைக் 1921இல் அச்சில் மிகுதியாக வரும் பத்தாயிரம் சொற்களைத் தொகுத்து ஆசிரியர்களுக்காக வெளியிட்டார். 1930இல் சி. கே. ஆக்டன் 850 சொற்களில் ஆங்கிலத்தை அடக்கிக்காட்டும் 'பேசிக் இங்கிலீஷ்' திட்டத்தை முன்வைத்தார். 1922இல் ஜப்பானுக்குச் சென்ற ஹெரால்டு பாமர், அடுத்த ஆண்டு டோக்கியோவில் ஆங்கிலக் கற்பித்தலுக்கான ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கி, சொற்பட்டியலோடு வாக்கிய அச்சுகளையும் ஆராய்ந்தார்.

1934இல் கார்னெகி அறக்கட்டளையின் ஆதரவில் நியூயார்க்கில் கூடிய மாநாட்டில் பாமரும் வெஸ்டும் சந்தித்தனர். அதன் விளைவாக 1936இல் ஓர் இடைக்கால அறிக்கையும், 1953இல் வெஸ்டின் பதிப்பில் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்களைக் கொண்ட பொதுப்பயன் சொற்பட்டியலும் வந்தன. ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தப் பொருளில் எவ்வளவு மிகுதியாக வருகிறது என்பதையும் அது காட்டியது. இதற்கிடையே 1935இல் வெஸ்ட் ஓர் அகராதியும் தந்திருந்தார். ஏறத்தாழ 24,000 சொற்களையும் தொடர்களையும் 1,490 சொற்களுக்குள் நின்றே விளக்கிய அகராதி அது. விளக்கம் தேடிப்போன மாணவன், விளக்கத்திலுள்ள சொல்லுக்கு மறுபடியும் விளக்கம் தேடும் அவலத்தை அது தீர்த்தது.

பாமரின் வழியில் வந்த ஏ. எஸ். ஹார்ன்பியும் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். அவர் உருவாக்கிய மாணவர் அகராதி 1942இல், போரின் நடுவே, டோக்கியோவில் அச்சாயிற்று. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை மறுபதிப்பிட்டது. நம் கல்லூரி நூலகங்களில் அட்டை கிழிந்து கிடக்கும் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியின் மூலம் இதுதான். ஒவ்வொரு வினைச்சொல்லும் எவ்வகை வாக்கியத்தில் அமரும் என்பதை 25 வினை அச்சுகளாக வகுத்துக் காட்டியது அதன் சிறப்பு. இலத்தீன் சட்டகத்தைவிட்டு, ஆங்கிலம் உண்மையில் எப்படி வழங்குகிறதோ அப்படியே கற்பவருக்குக் காட்டும் முயற்சி இது. பிறமொழியாளர்க்காக, பிறமொழியாளரிடையே வாழ்ந்தவர்கள் எழுதிய இலக்கணம் என்பதே இதன் பெருமை.

சென்னையில் உருண்ட பனிப்பந்து

விடுதலைக்குப்பின் சென்னை மாநிலத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் முறை மாறியது. 1950களில் பழைய இலக்கணப் பாடத்தின் இடத்தில் 'ஸ்ட்ரக்சுரல்' பாடத்திட்டம் வந்தது. ஆங்கில வாக்கிய அச்சுகளை எளியதிலிருந்து அரியதற்கு வரிசைப்படுத்தி, ஒரு வேளைக்கு ஓர் அச்சு என்ற அளவில் பழக்குவது அதன் சாரம். ஆசிரியர் புத்தகத்தைத் தூக்கிக்காட்டி "திஸ் இஸ் எ புக்" என்பார். வகுப்பு முழுவதும் திரும்பச் சொல்லும். பேனாவைக் காட்டுவார், அச்சு மாறாது, சொல் மட்டும் மாறும். கட்டம்கட்டமாகச் சொற்கள் எழுதிய மாற்றுச்சொல் அட்டவணை கரும்பலகையில் ஏறியது. எந்தக் கட்டத்திலிருந்து எந்தச் சொல்லை எடுத்தாலும் பிழையற்ற வாக்கியம் பிறக்கும்.

புதிய முறைக்குப் பல்லாயிரம் ஆசிரியர்களைப் பழக்க வேண்டியிருந்தது. 1950களின் இறுதியிலும் 60களின் தொடக்கத்திலும், பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு ஒரு பெருந்திட்டம் இங்கே நடந்தது. முதலில் ஒரு சிறு குழுவுக்குப் பயிற்சி. அவர்கள் மாவட்டந்தோறும் சென்று பிறரைப் பழக்க வேண்டும். அவர்கள் மேலும் பலரை. உருளஉருளப் பெருக்கும் பனிப்பந்தை நினைத்து இதற்கு 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று பெயரிட்டார்கள். பனியே காணாத ஊரில் இப்பெயர் நிலைத்தது ஒரு வேடிக்கை. தொடக்க வகுப்புகளில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களை மறுபயிற்சிக்கு உட்படுத்தும் முயற்சி என்று 1962இல் ஆங்கில ஆசிரியர்களுக்கான பிரிட்டிஷ் இதழொன்று இதை உலகுக்கு அறிமுகம் செய்தது. 1958இல் ஹைதராபாத்தில் நிறுவப்பட்ட மத்திய ஆங்கில நிறுவனமும், 1963இல் பெங்களூரில் தொடங்கிய வட்டார ஆங்கில நிறுவனமும் இந்த அலையின் பகுதிகளே.

இம்முறை இலக்கண விதிகளின் ஒப்பிப்பிலிருந்து மாணவனை விடுவித்தது. அவன் வாயிலிருந்து முழு வாக்கியத்தை வரவழைத்தது. இவை சிறிய செயல்களல்ல. ஆனால் அவ்வாக்கியத்தை அவன் யாரிடம் சொன்னான்? ஆசிரியர் கையிலிருப்பது புத்தகம் என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததைத் தெரிந்தவரிடம் தெரிவிப்பது பேச்சாகாது. பனிப்பந்து உருளும்போது அளவு பெருகும். உள்ளிருப்பது கைமாறக் கைமாற இளகும். புதுமுறையின் நோக்கம் தொலைவிலிருந்த பள்ளிகளை எட்டுவதற்குள் கோரஸ் மட்டும் எஞ்சியிருந்தது எனலாம். வகுப்பில் பிழையின்றி ஒலித்த வாக்கியங்கள் வாசலைத் தாண்டியதும் மாணவனுக்குக் கைகொடுக்கவில்லை என்பதை ஆசிரியர்களே உணரலானார்கள்.

ரயில் அட்டவணையும் இலக்கணமும்

இந்த அதிருப்தியிலிருந்து பிறந்ததுதான் பெங்களூர்த் திட்டம். சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு, பெங்களூர் வட்டார ஆங்கில நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1979இல் இதைத் தொடங்கினார். 1984வரை பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய இடங்களில் சாதாரணப் பள்ளிகளின் சில வகுப்புகளில் இது நடந்தது. இலக்கணத்தைப் பற்றி மாணவன் சிந்திக்காமல், பொருளைப் பற்றி முனைந்து சிந்திக்கும்போதுதான் இலக்கணம் அவனுக்குள் தானே உருவாகும் என்பது பிரபுவின் துணிபு. எனவே இலக்கணப் பட்டியலும் இல்லை, சொற்பட்டியலும் இல்லை. பாடத்திட்டம் என்பது செயல்களின் வரிசை மட்டுமே.

செயல் என்றால் என்ன? ரயில் கால அட்டவணை ஒன்று கரும்பலகையில் இருக்கும். எந்த வண்டி முதலில் புறப்படுகிறது, பயணம் எத்தனை மணி நேரம், நண்பகலுக்குள் போய்ச்சேர வேண்டியவர் எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று ஆசிரியர் ஆங்கிலத்தில் கேட்பார். முதலில் வகுப்பு முழுவதோடும் உரக்கக் கேட்டுக் கேட்டுத் தீர்ப்பார். பிறகு அதுபோன்ற வேறொன்றை மாணவர் தனித்தனியே தீர்க்க வேண்டும். ஊர் வரைபடம், வீட்டுத் தளவரைவு, பள்ளிப் பாடவேளை அட்டவணை ஆகியவை இவ்வாறே பாடங்களாயின. வகுப்பில் பாதிப் பேராவது பாதி அளவாவது சரியாகச் செய்ய முடிய வேண்டும். செயல் அவ்வளவு கடினமாக இருந்தால் போதும் என்பது பிரபுவின் அளவுகோல். விடை சரியா என்பதே மதிப்பெண்ணுக்கு அடிப்படை. ஆங்கிலம் செம்மையா என்பதன்று. மாணவன் பிழையாகச் சொன்னதை ஆசிரியர் போகிறபோக்கில் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு மேலே செல்வார். நிறுத்தி விதி சொல்லமாட்டார். வழுவமைதிக்கு இடமளித்த வகுப்பறை என்று நாம் இதைச் சொல்லலாம்.

திட்டம் முடியும் தறுவாயில் பெரெட்டா, டேவிஸ் என்னும் ஆய்வாளர் இருவர் செய்த மதிப்பீடு 1985இல் வெளிவந்தது. வாக்கிய அச்சுத் தேர்வில் பழையமுறை வகுப்புகள் முந்தின; சூழலோடு கூடிய இலக்கணம், கேட்டெழுதுதல், கேட்டும் வாசித்தும் பொருள்கொள்ளல் ஆகியவற்றில் பிரபுவின் வகுப்புகள் முந்தின. எதைப் பழகினோமோ அதில் தேர்கிறோம் என்பதற்கு இது நல்ல சான்று. ஒப்பிடப்பட்ட வகுப்புகளும் ஆசிரியர்களும் எல்லா வகையிலும் சமமானவர்கள் அல்லர் என்பதையும் மதிப்பீட்டாளர்கள் மறைக்கவில்லை. பிரபுவின் நூல் 1987இல் வெளிவந்தது. 'செயல்வழி மொழிக்கல்வி' என்று இன்று உலகெங்கும் பேசப்படும் முறையின் வரலாற்றைச் சொல்பவர்கள் இத்திட்டத்தை அதன் முன்னோடியாகக் காட்டுகிறார்கள். அவ்வரலாற்றில் கடலூருக்கும் பங்குண்டு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தேர்வும் நன்னூலும்

அத்தனைக்கும் பிறகு நம் வகுப்பறையில் என்ன நிலைத்தது? வினாத்தாளில் நிலைத்தது எதுவோ அதுவே. நெடுங்காலம் நம் பத்தாம் வகுப்பில் 'இங்கிலீஷ் இரண்டாம் தாள்' என்ற ஒன்று இருந்தது. பின்னர் இரண்டு தாள்களும் ஒன்றாக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் புதிய பாடத்திட்டம் கொண்டுவந்த பயிற்சியைத் தேர்வு தன்வயமாக்கிக்கொண்டது. வாக்கிய அச்சு ஐந்து மதிப்பெண் வினாவாயிற்று. கருத்துப் பரிமாற்றம் என்று வந்தது, மனப்பாடம் செய்த உரையாடலாயிற்று. சாலை வரைபடம் பார்த்து வழிசொல்லும் செயல்கூட, இடப்பக்கம் – வலப்பக்கம் என்ற நான்கு வரிகளை மாற்றிமாற்றி எழுதும் பயிற்சியாகிப் போனது. தமிழ்த்துறையில் பணியாற்றும் நாம் முதலாண்டு மாணவர்களிடம் காண்பது இதைத்தான். நேர்கூற்றை அயற்கூற்றாக்கச் சொன்னால் அச்சுப் பிசகாமல் எழுதுவார்கள். விடுதிக் காப்பாளருக்குத் தம் அறையின் நிலையை நான்கு வரியில் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் திகைப்பார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். பத்தாண்டுகள் தவணை தவறாமல் கட்டியவர்கள். பத்திரத்துக்குத்தான் சரண்டர் மதிப்பு இல்லை.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலும், 2012–13இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கப்பட்ட ஆங்கிலவழிப் பிரிவுகளும் இக்குறையை வெவ்வேறு திசைகளிலிருந்து தீர்க்க முயன்றவை. முன்னதன் கவனம் கற்கும் முறையில் இருந்தது. பின்னதன் கவனம் பயிற்றுமொழியில். குழந்தை ஆங்கிலத்தில் சொல்ல விரும்புவதைச் சொல்வதற்கு ஒரு காரணம் கிடைத்ததா என்ற கேள்வியை இரண்டைப் பார்த்தும் கேட்கத்தான் வேண்டும்.

இவ்விடத்தில் நன்னூலின் பொதுப்பாயிரம் நினைவுக்கு வருகிறது. ஆசிரியர் சொல்வதை முழுமையாக வாங்கிக்கொண்டாலும் மாணவன் பெறுவது புலமையில் கால்பங்குதான். உடன் பயில்வாரோடு பழகுவதில் இன்னொரு கால்பங்கு. பிறருக்கு எடுத்துரைப்பதில்தான் எஞ்சிய அரைப்பங்கு கைகூடும் என்கிறார் பவணந்தியார். இக்கணக்கை ஆங்கில வகுப்பின்மேல் வைத்துப் பார்த்தால் நோயின் இடம் தெரிகிறது. மரேயும் நெஸ்ஃபீல்டும் ரென்னும் முதற்கால்பங்கைத் தந்தார்கள். யார்க் நகரச் சிறுமிக்கு மற்ற முக்கால்பங்கும் தெருவிலேயே கிடைத்தது. நம் கிராமத்துச் சிறுமிக்கு அது எங்கும் கிடைக்கவில்லை. ஸ்னோபால் வகுப்பு வாயைத் திறக்கவைத்தது. எடுத்துரைக்க ஒரு செய்தியைத் தரவில்லை. பிரபு செய்தியைத் தந்தார். ஆனால் பிழையான ஆங்கிலம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் என்றெண்ணி, மாணவர் குழுக்களாகப் பேசுவதை அவர் ஊக்குவிக்கவில்லை. அக்கவலை நியாயமானதே. எனினும் பவணந்தியாரின் இரண்டாம் கால்பங்கு அங்கும் விடுபட்டது.

பிரபு 1990இல் எழுதிய கட்டுரை ஒன்றில், எல்லா வகுப்புக்கும் உகந்த ஒரே சிறந்த முறை என்பது இல்லை என்று வாதிட்டார். தாம் செய்வது பயனளிக்கும் என்று ஆசிரியர் உள்ளூர நம்பிச் செய்வதே வகுப்பறைக்கு உயிர் தருவது. முறை எதுவாயினும் எந்திரமாகிவிட்டால் அது செத்தது என்பது அவர் கருத்தின் சாரம். சொந்தமாக ஒரு முறையைக் கண்டு ஐந்தாண்டுகள் நடத்திக்காட்டியவர் சொன்னது என்பதால் இதற்குக் கூடுதல் எடை உண்டு.

ஆகவே ரென் – மார்ட்டினைத் தூக்கியெறிவதோ, சொற்பட்டியல்களைக் கொளுத்துவதோ தீர்வாகா. ஒவ்வொன்றிலும் எடுத்தாள வேண்டியது உண்டு. எடுத்தாளும்போது டாக்காவில் எழுந்த கேள்வியை ஒரு படிக்கல்லாகக் கையில் வைத்துக்கொள்ளலாம். இந்தப் பயிற்சியை முடித்த குழந்தை நாளையே பள்ளியை விட்டு நின்றுவிட்டால் அதன் கையில் என்ன இருக்கும்? மருந்துப் பட்டையிலுள்ள எச்சரிக்கையை வாசிக்க முடியுமா? வங்கிப் படிவத்தைத் தானே நிரப்புமா? புரியாத இடத்தில் புரியவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லி, மறுபடி கேட்கும் துணிவு வருமா? ஆம் என்றால் அது இலக்கணமாயினும் சொற்பட்டியலாயினும் ரயில் அட்டவணையாயினும் நல்ல பயிற்சியே. இல்லை என்றால், கோடிட்ட இடங்கள் எத்தனை நிரம்பினாலும் தவணை வீணாகிக்கொண்டிருக்கிறது என்றே பொருள்.

கடைசிவரை செல்பவருக்கு எந்த முறையும் ஓரளவு உதவிவிடும். ஒரு முறையின் உண்மையான தரம், பாதியில் நிற்பவரை அது எப்படி அனுப்பிவைக்கிறது என்பதில்தான் தெரியும்.